ஒரு தேங்க்ஸ்

கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டையை நான் கண்ணால் பார்த்தேன். பார்வையில்லாத என் நண்பர் இடிந்த சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, மறுநாள் மதுரை போக செல்போனில் பஸ் டிக்கெட் எடுக்க ஆரம்பித்தார். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் கடகடவென்று பேசியது. கடைசிப் பக்கத்தில் மட்டும், "பட்டன்... பட்டன்... பட்டன்..." எது பணம் கட்டுகிற பட்டன்?

"குடுங்க, நான் அமுக்கறேன்."

"இன்னிக்கு நீங்க இருக்கீங்க. நாளைக்கு?"

வெப்சைட்டில் ஹெச்.டி.எம்.எல். எலும்பு, சி.எஸ்.எஸ். உடுப்பு. பட்டன் கோணலாகத் தெரிந்தால் சி.எஸ்.எஸ்.ஸில் நாலு வரி எழுதி நிமிர்த்திவிடுவார்கள். கண்ணுக்கு எல்லாம் ஜோர். ஆனால், அந்த மென்பொருள் பெரும்பாலும் எலும்பைத்தான் வாசிக்கும். பட்டனின் பெயரை அங்கே எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நிமிஷ வேலை!

வெப்சைட்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். முகம் சிதைந்து, கண் சிமிட்ட முடியாத ஆசிட் வீச்சுப் பெண்ணிடம், அடையாளம் காட்ட 'கண்ணைச் சிமிட்டு' என்றது ஒரு கம்ப்யூட்டர் முறை. அது வழக்கானது. டிஜிட்டல் வசதியும் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று 2025 ஏப்ரல் 30-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

உதவுவது நல்ல குணம்தான். ஆனால், ஒருவரை உதவி கேட்க வைத்துவிட்டு அப்புறம் உதவுவது?

பட்டனை நான்தான் அமுக்கினேன். "தேங்க்ஸ்" என்றார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.