நரம்பு மாத்திரை

எங்கள் வீட்டில் அதற்கு ‘நரம்பு மாத்திரை’ என்று பெயர். அப்பா போன பிறகு, சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் வாசல் கேட்டைப் பார்த்தபடியே அம்மா உட்கார்ந்திருந்தாள். தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் எழுதிக்கொடுத்தது எஸ்சிட்டலோபிராம். சேலையூர் சித்தி கேட்டபோது, “நரம்புத் தளர்ச்சிக்குக் குடுத்திருக்காங்க சித்தி” என்றேன். சித்தியும் அதற்குமேல் கேட்கவில்லை. நரம்பு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரம் ஒரு விடியற்காலையில், சிட்லபாக்கம் வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு அம்மா கோலம் போட வந்திருந்தாள். படுக்கையில் கிடந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம், அதே கோலத்தின் மேல் விழுந்து கிடந்தாள்.

“தடுக்கலடா. வழுக்கவும் இல்ல. புள்ளி வச்சிட்டு நிமிர்ந்தேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. அப்புறம் பாத்தா தரையில கெடக்கறேன்” என்றாள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். சித்திரை வெயில் என்றேன் நான். வெறும் வயிறு என்றாள் என் மனைவி. எதிர்வீட்டு அக்கா திருஷ்டி கழிக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த கிளினிக்கில் மருத்துவர், “வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?” என்று கேட்டார். “பிரஷர் மாத்திரை மட்டும்தான்” என்றேன். எஸ்சிட்டலோபிராம் சீட்டு அப்போது என் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்று மாலை குளியலறைக்கு வழுக்காத பாய் வாங்கிப் போட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பாயின் மேலேயே விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

இந்த முறை வேறு மருத்துவமனை. கேள்வி மட்டும் அதே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: “மனசு சரியில்லாம இருந்தேன் டாக்டர். அதுக்கும் மாத்திரை சாப்பிடறேன். இவன் சொல்ல மாட்டான்.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினாலே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார் அந்த மருத்துவர். அம்மாவுக்கு அதைவிட அதிகமாக இறங்கியது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 122. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் காலுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. உடம்பு உடனே ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மனச்சோர்வுக்கான சில மருந்துகள், முக்கியமாக அமிட்ரிப்டிலின் போன்ற பழையவை, அந்தச் சுருக்கத்தைத் தடுக்கும். எஸ்சிட்டலோபிராம் வகை மருந்துகளில் வேறொரு சங்கடம் உண்டு. சிலருக்குச் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் இது நடக்கிறது. இளையவர்களிடம் அபூர்வம். வயதான, ஒல்லியான பெண்களிடம் அவ்வளவு அபூர்வம் இல்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரையில் நீரையும் உப்பையும் வெளியேற்றும் மருந்து ஒன்றும் கலந்திருந்தது. வெயிலில் வியர்வையோடு போனது கொஞ்சம். “பிரஷர் இருக்கு, உப்பைக் குறை” என்று ரசத்தில்கூட உப்புப் போடவிடாமல் நான் நடத்திய அதிகாரமும் சேர்ந்துகொண்டது. எதுவும் தனியாக அவளைத் தள்ளவில்லை. எல்லாம் கூடித் தள்ளின.

“அப்போ அந்த மாத்திரைய இன்னிக்கே நிறுத்திடலாமா?” என்று கேட்டேன். நிறுத்துவதா மாற்றுவதா என்பதை எழுதிக்கொடுத்தவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார். மனச்சோர்வுமே ஆளை விழவைக்கும். சாப்பிடாமல், தூங்காமல், நடமாடாமல் கிடக்கும் உடம்புக்கு நிதானம் ஏது? கோலம் போட எழுப்பியதும் அந்த மாத்திரை. கோலத்தில் விழவைத்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் அதைத் தீர்த்துவிட எனக்கு அவசரம். விஷயம் அப்படி இல்லை.

தினமும் அலுவலகம் போக நான் ரயில் ஏறுவது தாம்பரம் சானடோரியத்தில். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே தொடங்கிய விடுதிதான் அந்தப் பெயருக்குக் காரணம். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. மனச்சோர்வு மருந்துகளின் கதையும் காசநோயில்தான் தொடங்குகிறது என்று பிறகு படித்தேன். 1952-ல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் ஸீ வியூ மருத்துவமனையின் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிடுக்கு நெருங்கிய உறவு அது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் கலகலப்பாகி வார்டில் ஆடினார்கள். அந்த உற்சாகம் அப்போது ஒரு பக்கவிளைவு. 1957 வாக்கில் அதையே மனச்சோர்வுக்குக் கொடுக்கத் தொடங்கியதும், பக்கவிளைவு விளைவாகிவிட்டது. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குவது அந்த வகை மருந்துகளுக்கும் கூடப்பிறந்த குணம். பக்கம் எது, விளைவு எது என்று மருந்துக்குத் தெரியாது. அதைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். சொல்லாவிட்டால் மருத்துவருக்கும் தெரிய வழியில்லை.

அதற்கு முதலில் வாய் திறக்க வேண்டும். என் தாத்தா காலத்தில் காசநோயையும் இப்படித்தான் மறைத்தார்கள். ‘நெஞ்சுச் சளி’ என்பார்கள், ‘இளைப்பு’ என்பார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. இன்று ஜி.எஸ்.டி. சாலையில் ஷேர் ஆட்டோக்காரர், “சானடோரியம்! சானடோரியம் எறங்கு!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். ஒரு காலத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்ன சொல் அது. காசநோயின் வெட்கம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்று இறங்க வேண்டிய இடத்தின் பெயர், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறு வகைக்கு மாற்றினார்கள். பிரஷர் மாத்திரையும் மாறியது. சோடியம் ஏறியது. இப்போது காலையில் கண் விழித்ததும், கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறாள். கோலம் உண்டு, மணை போட்டு உட்கார்ந்து போடுகிறாள், சின்னதாக.

உங்கள் வீட்டிலும் ஒரு நரம்பு மாத்திரை இருக்கலாம். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் காரணமில்லாமல் விழுந்தால் தரையை மட்டும் பார்க்காதீர்கள். மாத்திரை டப்பாவையும் திறந்து பாருங்கள். எல்லா மாத்திரைகளின் பெயரையும், எது எதற்கு என்பதையும் ஒரே தாளில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். எங்கள் வீட்டுத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி. கட்டுப் பிரித்த கையால் அம்மாவே எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணல். மூன்றாவது வரியில், மாத்திரையின் பெயருக்கு எதிரே, ‘மனசுக்கு’ என்று இருக்கிறது.