வழி தெரியாதவன்

ஊருக்குப் புதியவன் பிறருடைய நேர்மையைச் சோதிக்கிறான், தனக்கே தெரியாமல். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்குகிறவனுக்குத் திருவான்மியூர் ஒரு பெயர் மட்டுமே. அது எத்தனை தூரம், எந்தத் திசை, என்ன கூலி என்பதெல்லாம் பிறர் வசம் இருக்கிறது. அவர்கள் சொல்வதைச் சரிபார்க்க அவனுக்கு வழியில்லை.

காண்ட் 1785-ல் வெளிவந்த தம் நூலில் ஒரு கடைக்காரனைப் பற்றிப் பேசுகிறார். விவரம் தெரியாதவனிடமும் அவன் கூடுதல் விலை வாங்குவதில்லை. குழந்தை வந்தாலும் அதே விலைதான். இது கடமைக்கு ஒத்த செயல், ஆனால் கடமையுணர்விலிருந்து பிறந்தது என்று சொல்லிவிட முடியாது என்கிறார். வியாபாரக் கணக்கே அதற்குப் போதும். ஆட்டோ, டாக்ஸி ஓட்டுகிறவரின் நிலை இன்னும் கடினமானது. கடைக்குக் குழந்தை நாளையும் வரும். ரயிலடியில் ஏறியவன் மறுபடி இவர் கண்ணில் படப்போவதில்லை. இங்கே நேர்மையால் அநேகமாக எந்த லாபமும் கிடையாது. ஆகவே அது இருக்குமானால், கலப்பில்லாமல் இருக்கிறது.

ஆனால் இதில் இரண்டு விஷயங்களை நாம் குழப்பிக்கொள்கிறோம். அதிகம் கேட்பது ஒன்று. சுற்றிப் போவது வேறு. தமிழக அரசு 2013-ல் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. மீட்டர் போடாமல் முந்நூறு கேட்கிறவர் விதியை மீறுகிறார். எனினும் பேரம் பேசவும் மறுத்து நடக்கவும் எனக்கு இடம் விடுகிறார். மீட்டரைப் போட்டுச் சுற்றிப் போகிறவர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்வதில்லை. மீட்டரும் ஓடிய தூரத்தையே காட்டுகிறது. ஆனால் பயணம் முழுவதும் பொய். என் அறியாமையை என் மேலேயே பிரயோகிக்கிறார். இவரே மோசமானவர் என்பேன்.

பஸ்ஸில் வேறு உலகம். நெரிசலில் கண்டக்டர் இருக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. முன்னால் நிற்பவர் நீட்டும் பணம் ஐந்தாறு கைகள் மாறிப் போகிறது. டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியே திரும்புகின்றன. யாரும் இதை ஒழுக்கம் என்று நினைப்பதில்லை. 29சி அடையாறு போகுமா என்று கேட்டால் மூன்று பேர் பதில் சொல்வார்கள். ஒருவர் தப்பாகவே சொல்லலாம்; ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இராது. இந்த வித்தியாசத்தில்தான் அறம் என்கிற பேச்சே தொடங்குகிறது.

இப்போது பாதையையும் கட்டணத்தையும் கைபேசி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இதைக் குறைசொல்ல மாட்டேன். மற்றவர்கள் நல்லவர்களாக இருந்து காட்டுவதற்காகப் புதியவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது குரூரம். ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக வந்திறங்கும் பெண்ணிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் கண்காணிப்பில் விளைகிற நேர்மை காண்ட்டின் கடைக்காரனுடையது. அதைக் கொண்டு ஊர் திருந்திவிட்டதாக முடிவு கட்டக் கூடாது. கைபேசியில் சார்ஜ் தீர்ந்தவனிடம், படிக்கத் தெரியாத கிழவியிடம், பலகைத் தமிழ் புரியாத வடமாநிலத் தொழிலாளியிடம் ஊர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். சரிபார்க்க முடியாதவர்கள் இன்றும் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.