அட்டவணையும் அறமும்

உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான தொடர்பு கலை இலக்கியத்துக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. இணையப் பக்கங்களை அமைக்கும் தொழினுட்பத்திலும் அது ஓர் அறவினாவாக எழுந்துள்ளது.

எச்.ரீ.எம்.எல். மொழியில் அட்டவணை என்பது நிரை, நிரல்களாக அமையும் தரவுகளுக்கென வகுக்கப்பட்டது. ஆயின், 1990களில் பக்கத்தைப் பத்திகளாகப் பகுக்க வேறு வழி அரிதாயிருந்தமையால், வடிவமைப்பாளர் அதனையே கண்ணுக்குப் புலனாகாத சட்டகமாக்கினர். தோற்றத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்துரைக்கும் சீ.எஸ்.எஸ். முறையை ஹொக்கன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்தார். 1996 டிசெம்பரில் அது முறையான பரிந்துரையாயிற்று. எனினும் அன்றைய உலாவிகள் அதனைச் செவ்வனே கையாளவில்லை. எனவே அட்டவணையை நாடியோரைப் பழித்தல் நியாயமன்று. அது தேவையின் விளைவு.

தேவை கழிந்த பின்னரே அறவினா கூர்மையடைகின்றது. 2017இல் முதன்மை உலாவிகள் சீ.எஸ்.எஸ். கிறிட் முறையை ஏற்றதோடு பழைய நியாயம் பெரிதும் வலுவிழந்தது. கண்ணால் காண்போருக்கு இரு முறைகளும் ஒன்றே. பார்வையற்றோருக்கோ திரைவாசிப்பான் அறை அறையாகப் படித்துச் செல்கின்றது. தரவே இல்லாத இடத்தில் அட்டவணை உண்டென அறிவிக்கவும் கூடும். காண்பவருக்கு அழகாயிருப்பது கேட்பவருக்குப் பொய்யாகின்றது. அப்பொய்யின் சுமையை அதனைச் சொன்னவர் சுமப்பதில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

அட்டவணையை முற்றாக ஒதுக்குதலும் வழுவேயாகும். பரீட்சைப் பெறுபேறுகளும் புகையிரத நேரசூசியும் இயல்பிலேயே அட்டவணைகள். அவற்றை வேறொன்றாகக் குறித்தல் அதே பொய்யின் மறுபக்கம். ஆகவே, எக்கருவி சிறந்தது என்பதன்று வினா. ஒரு பொருள் அதற்குரிய பெயரால் சுட்டப்படுகின்றதா என்பதே வினா.