தூரம் என்னும் சாக்கு

பெர்த்துக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம்? பூகோள ஆசிரியரைக் கேட்டால், சுமார் 14,500 கிலோமீட்டர் என்பார். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து இங்கிலாந்தின் தலைநகர் வரை, பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த கணக்கு அது. அந்த நூல் நேற்றும் அதே நீளந்தான். இன்றும் அதே நீளந்தான்.

ஆனால், பயணம் போகிறவன் "எத்தனை மணி நேரம்?" என்றுதான் கேட்கிறான். மாறிக்கொண்டே வந்திருப்பது அந்தப் பதில்தான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவை இங்கிலாந்துடன் இணைத்த ஆகாய வழி அறுந்தது. அதை மீண்டும் முடிச்சுப் போட, 1943-இல் பெர்த்துக்கும் இலங்கையிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே கடல் விமானங்கள் பறக்கத் தொடங்கின. 5,600 கிலோமீட்டருக்கு மேல் இந்து மகாசமுத்திரம். இடையே இறங்கத் தோதான இடம் கிடையாது. எதிரிக்குத் தெரியாதிருக்க ரேடியோவை மௌனமாக்கிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம்! அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனது என்ன? அதிகம் போனால் மூன்று பயணிகள். அரசாங்கத் தபாலும் படையினர் தபாலுமாகச் சுமார் 69 கிலோ.

யுத்தம் முடிந்து, 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டபோது, பல ஊர்களில் இறங்கி ஏறிப் போய்ச் சேர நான்கு நாள் பிடித்தது. 2018 மார்ச்சில், வழியில் எங்குமே இறங்காமல் பெர்த்திலிருந்து லண்டனுக்குப் பறந்தது ஒரு விமானம். ஏறக்குறைய 17 மணி நேரம்.

எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கோ, வியப்போடு ஒரு சங்கடமும் உண்டாகிறது.

பெர்த்தில் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவனுடைய தாய் லண்டனில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். கப்பலில் வாரக் கணக்காகப் போகவேண்டியிருந்த காலத்தில், "வர முடியவில்லை அம்மா, தூரம்" என்று அவன் எழுதினால் அது சத்தியம். அவளும் மகனை நோகமாட்டாள், கடலைத்தான் நொந்துகொள்வாள். இன்று அதே வார்த்தையை அவன் எழுத முடியுமா?

டிக்கெட்டுக்குப் பணம் வேண்டாமா, லீவு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். அவை இல்லாதவனுக்கு நான்கு நாளும் ஒன்றுதான், பதினேழு மணி நேரமும் ஒன்றுதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நான் சொல்வது, இரண்டும் இருந்தும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறவனைப் பற்றி.

அவனைத் தேடிப் பெர்த்துக்குப் போவானேன்? என் தமக்கை இருக்கும் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். நான் அவளைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. கேட்டால், "எங்கே ஒழிகிறது?" என்பேன். ஒழியாதது நேரமா, மனசா என்று அவள் கேட்டதில்லை. கேட்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் நான் இருந்திருக்கிறேன்.

விமானம் பூமியைச் சிறிதாக்கவில்லை. நம்மிடமிருந்த ஒரு சாக்கைத்தான் பறித்துக்கொண்டது. தூரம் பெரிதாயிருந்தபோது, நம்முடைய அலட்சியம் அதன் நிழலில் பத்திரமாக ஒதுங்கிக்கொண்டது. நிழல் சுருங்கச் சுருங்க, அது வெளியே தெரிகிறது. இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நம்மை நாம் பார்த்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று பேரையும் ஒரு மூட்டைத் தபாலையும் கொண்டு சேர்க்க, இரண்டு சூரியோதயம் பார்த்துப் பறந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு நான் எழுந்திருந்தால், ஒரு சூரியோதயமே போதும்.