பூசலார் குறித்த நாள்

விருப்பம் எப்போது வெறும் விருப்பமாகவே நின்றுவிடுகிறது, எப்போது அது செயலாக மாறத் தொடங்குகிறது என்னும் கேள்வியைச் சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பைப் பற்றிய கேள்வியாகவே கொண்டிருக்கிறது. உயிருக்கு விழைதல், அறிதல், செய்தல் என மூன்று ஆற்றல்கள் உண்டு என்றும், அவை இச்சை, ஞானம், கிரியை எனப்படும் என்றும், ஆணவம் என்னும் இருள் இம்மூன்றையும் ஒருசேர மறைத்து நிற்கிறது என்றும் அந்நெறி கூறும். அவ்விருளைச் சிறிதளவு விலக்கி உயிரைத் தொழிற்படுத்துவதற்கு மாயையிலிருந்து தோன்றும் கருவிகளுள் ஐந்து, சட்டைபோல உயிரைப் போர்த்து நிற்பதால், பஞ்ச கஞ்சுகம் என்று பெயர் பெறும். செய்யும் ஆற்றலைக் கிளர்த்துவது கலை. அறியும் ஆற்றலைக் கிளர்த்துவது வித்தை. விழையும் ஆற்றலைக் கிளர்த்துவது அராகம். சென்றது, நிகழ்வது, வருவது என்று செயலுக்கு எல்லை வகுப்பது காலம். அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரையறுப்பது நியதி. இந்த அமைப்பில் விருப்பத்துக்குக் கிடைத்திருப்பது ஐந்தில் ஓர் இடம் மட்டுமே.

ஆழமாக விரும்பினால் விரும்பியது தானே வந்து சேரும் என்று இக்காலத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஊக்க உரைகள், அராகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் கைவிட்டவை என்றே கூற வேண்டும். அவ்வுரைகள் துணைக்கு அழைக்கும் சமயச் சான்றுகளுள் ஒன்று பூசலார் வரலாறு. மனத்தாலே கோயில் கட்டியவருக்கு இறைவனே வந்து அருளினான், ஆகவே எண்ணமே போதும் என்பது அவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் எளிய முடிவு. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் அவ்வரலாறு இருபது பாட்டுக்கு உள்ளாகவே முடிந்துவிடும் சிறு பகுதிதான் என்றாலும், அதைப் பொறுமையாகப் படிப்பவருக்கு அம்முடிவு எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள திருநின்றவூரே பூசலாரின் ஊர். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க வேண்டும் என்று எண்ணிய அவர், முதலில் செய்தது மனத்துக்குள் புகுந்துகொள்வது அன்று. பொருள் தேடி அலைந்ததுதான். எங்கும் தேடியும் சிறிதளவும் கிடைக்காமல், என் செய்வது என்று நைந்த பிறகே, அகத்தில் அப்பணியைத் தொடங்குகிறார். தொடங்கியவர் கண்ணை மூடியவுடன் வானளாவிய கோபுரத்தைக் கண்டுவிடவில்லை. பணிக்கு வேண்டிய சாதனங்களை மனத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். தச்சர்களைத் தேடிக் கொண்டுவருகிறார். நல்ல நாள் பார்த்து, ஆகமம் சொல்லும் முறைப்படி நிலம் வகுத்துத் தொடங்குகிறார். இரவிலும் கண் துஞ்சாமல் வேலையை நடத்துகிறார். கட்டடத்தின் அடிநிலை உறுப்பான உபானத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாக மேலேறி, சிகரம் முடித்து, அதன் உச்சியில் தூபி நாட்டி, சுண்ணச் சாந்தாலாகிய சுதை வேலையும் முடிந்த பிறகு, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் அகழ்ந்து, எதுவும் விடுபடாமல் நிறைவு செய்கிறார். இவ்வளவுக்கும் நாள் பல ஆகிறது. அதன் பின்னரே, இறைவனை உள்ளே எழுந்தருளச் செய்யும் தாபனத்துக்கு ஒரு நாள் குறிக்கிறார்.

இந்த வரிசையில் சேக்கிழார் காட்டும் கவனம் வியப்புக்குரியது. மனத்தில் கட்டும் கோயிலுக்குக் கிணறு எதற்கு, சுதை பூச ஆள் எதற்கு என்று கேட்கத் தோன்றும்; ஆனால் அந்தக் கிணற்றில்தான் பூசலாருக்கும் மனக்கோட்டை கட்டுபவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. மனக்கோட்டையில் முடிவு மட்டுமே இருக்கும். அதில் இடைப்பட்ட வேலை எதுவும் தென்படாது. பூசலாரின் எண்ணத்திலோ கல்லுக்கு உரிய கட்டுப்பாடு அனைத்தும் இருந்தது: அடித்தளம் இல்லாமல் மேல்நிலை இல்லை, தச்சர் இல்லாமல் பணி இல்லை, குறித்த நாளுக்கு முன்னால் குடமுழுக்கு இல்லை.

காஞ்சியில் கற்கோயில் கட்டி முடித்த காடவர் கோமான், அதாவது பல்லவ மன்னன், தன் கோயிலின் தாபனத்துக்கும் அதே நாளைக் குறித்திருந்தான் என்பதும், இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பன் பல நாள் நினைந்து செய்த ஆலயத்துக்குள் மறுநாள் புகவிருப்பதால் நீ பிறிதொரு நாள் பார்த்துக்கொள் என்று அருளினான் என்பதும் பலரும் அறிந்த செய்தி. இம்மன்னனைச் சேக்கிழார் பெயர் சுட்டிக் கூறவில்லை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மன் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. எவனாயினும், அரசன் கட்டியது பொய் என்றோ, கற்கோயில் தாழ்ந்தது என்றோ புராணம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இரண்டும் முறைப்படி கட்டப்பட்டவை, இரண்டுக்கும் நாள் உண்டு. அந்நாட்கள் மோதிக்கொண்டபோது ஒன்று தள்ளிவைக்கப்பட்டது, அவ்வளவே. நாள் குறிக்காத கனவோடு எந்த அரசனின் நாளும் மோதியிருக்க முடியாது.

ஒரு கனவைக் காண்பவர் தம்மால் இயலக்கூடியது எது என்று அறிவது எப்படி என்னும் கேள்வி இதனோடு ஒட்டியது. வள்ளுவர் பொருட்பாலில் இதற்குத் தனித்தனி அதிகாரங்களே வகுத்திருக்கிறார். வலியறிதலில் செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்ப்பவன் வலிமை, துணையின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோடச் சொல்கிறார்; வினைசெயல்வகையில் பொருள், கருவி, காலம், செயல், இடம் என்னும் ஐந்தையும் ஐயம் தீர எண்ணச் சொல்கிறார். அறத்துப்பாலின் இறுதியில் ஊழை மிஞ்சிய வலிமை இல்லை என்று நிறுவியவர், ஆள்வினையுடைமையில் தளராமல் முயல்பவர் அவ்வூழையும் புறங்காண்பர் என்று கூறுவது முரண்போலத் தோன்றலாம். அதே அதிகாரத்தில், ஊழ் உதவாமை எவருக்கும் பழி ஆகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்று அவர் பிரித்துக்காட்டும் இடத்தில் அம்முரண் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பூசலாருக்குப் பொருள் கிட்டாதது ஊழ். கிட்டாத பிறகு அவர் என்ன செய்தார் என்பது ஆள்வினை. முன்னதற்கு அவர் பொறுப்பாளர் அல்லர், பின்னதற்கு முழுப் பொறுப்பும் அவருடையது.

இயலக்கூடிய இலக்கு என்றவுடன் கனவின் அளவைக் குறைத்துக்கொள்வதாகவே பலரும் பொருள்கொள்கிறார்கள். அவ்வாறு கொள்ளத் தேவையில்லை என்பதற்குப் பெரிய புராணம் கூறும் திருவாரூர்த் தண்டியடிகளைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது. பிறவியிலேயே கண்ணொளி இல்லாத அவர், கோயிலுக்கு மேற்கே இருந்த திருக்குளம் இடம் சுருங்கிப்போனதை அறிந்து, அதைத் தாமே அகலத் தோண்டத் துணிந்தார். குளத்துக்குள் தோண்டும் இடத்தில் ஒரு கோல் நட்டு, கரையில் ஒரு கோல் நட்டு, இரண்டையும் ஒரு கயிற்றால் இணைத்து, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே கூடையில் மண் சுமந்து சென்று கரையில் கொட்டித் திரும்பினார். குளத்தின் அளவு சிறிதும் குறையவில்லை. கண்ணுக்கு மாற்றாக ஒரு கயிறு வந்து சேர்ந்தது. கருவி என்று வள்ளுவர் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எந்த உரையிலும் இருக்க முடியாது.

இங்கே ஒரு தடையை எழுப்பிப் பார்ப்பது நேர்மை. பொருள் இல்லாதபோது பூசலார் பணியை அகத்துக்கு மாற்றிக்கொண்டார் என்றால், பள்ளிக்கூடம் கட்ட விரும்பி முடியாதவரும், பசித்தவருக்கு உணவளிக்க விரும்பி இயலாதவரும் அவ்வாறே மனத்தில் செய்து நிறைவடையலாமா? கூடாது என்பதைப் பெரிய புராணமே மற்றொரு வரலாற்றால் உணர்த்துகிறது. இளையான்குடி மாறனார் வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் இரவில் விருந்தினர் ஒருவர் வாயிலில் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்பவர் அவருடைய மனைவியார். மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காலால் தடவி வழியறிந்து சென்று முளையை வாரி வருகிறார். விறகு இல்லை என்றதும் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். இவர்களிடம் மானசமாக அமுது படைக்கும் எண்ணம் எழவே இல்லை, ஏனெனில் வழிபாட்டின் நிறைவு வழிபடுபவரின் உள்ளத்தில் நிகழக்கூடியது, பசியின் நிறைவோ உண்பவரின் வயிற்றில் மட்டுமே நிகழக்கூடியது. கனவின் பயன் யாரிடத்தில் சென்று சேர வேண்டும் என்பதைப் பொறுத்தே அது எங்கே நிறைவேற வேண்டும் என்பது முடிவாகும். இந்த வேறுபாட்டை மறந்து பூசலாரை மேற்கோள் காட்டுவது அவருக்கும் நீதியன்று, பசித்தவருக்கும் நீதியன்று.

மன்னன் நின்றவூருக்கு வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டபோது, அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்றே ஊரார் விடையளித்தனர். பூசலாரை நேரில் கண்டு உண்மை அறிந்த மன்னன், நிலத்தில் வீழ்ந்து வணங்கித் தன் நகருக்குத் திரும்பினான். புராணம் அத்துடன் முடியவில்லை. குறித்த நாளில் தாபனம் செய்த பூசலார், அதற்குப் பின்னும் அக்கோயிலில் செய்ய வேண்டிய பூசனைகளை முறை தவறாமல் பல நாள் செய்துவந்தார் என்று கூறிய பிறகே சேக்கிழார் அவர் வரலாற்றை நிறைவு செய்கிறார். கட்டி முடித்த பின்னும் பூசனை தொடர வேண்டும் என்பதிலிருந்து கற்கோயிலுக்கும் விலக்கில்லை. கருங்கல் அடித்தளத்தின்மேல் மணற்கல்லால் எழுந்த கைலாசநாதர் கோயில், குலோத்துங்க சோழன் காலத்தில் மூடப்பட்டு அதன் நிலங்கள் விற்கப்பட்டன என்றும், 14ஆம் நூற்றாண்டில் விசயநகரக் கம்பண உடையார் காலத்தில் அவை மீட்கப்பட்டு மீண்டும் பூசை தொடங்கியது என்றும் அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது.