யார் தலையில் சொட்டுகிறது?

நள்ளிரவில் குழாய் சொட்டும் ஓசை தூக்கத்தை மட்டுமல்ல, மனச்சாட்சியையும் கெடுக்கக் கூடியது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாள் ஒன்றுக்கு 86,400 சொட்டுகள். ஏறக்குறைய நாலு லிட்டர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடக்க, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்ற சென்னைவாசிகளுக்கு அந்த நாலு லிட்டரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, குழாயைச் சரி செய்ய வேண்டும் என்பதில் ஐயமில்லை. யார் செய்வது என்பதில்தான் வழக்கு.

"வாஷர்தானே தேய்ந்திருக்கிறது? இதற்குப் போய் ஆள் எதற்கு?" என்றேன் நான். என் மனைவி பதில் சொல்லவில்லை.

முதல் முறை வெற்றியே கிடைத்தது. வால்வை மூடினேன், குழாயின் தலைப் பகுதியைக் கழற்றித் தேய்ந்த ரப்பர் வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். சொட்டு நின்றது. ஒரு நாவலை எழுதி முடித்தபோதுகூட நான் அவ்வளவு பெருமிதம் கொண்டதில்லை. தன் கையால் ஒன்றைச் சீர் செய்து பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி உண்மையானது. அதை இன்றும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

தவறு அந்த மகிழ்ச்சியில் இல்லை. அதன் பின்னால் வந்து நின்ற எண்ணத்தில் இருந்தது. 'இவ்வளவுதானா இந்தத் தொழில்! இதற்கா இத்தனை நாள் கூலி கொடுத்தோம்!'

சில மாதங்களுக்குப் பிறகு, குளியலறைச் சுவரிலிருந்த பழைய இரும்புக் குழாய் இணைப்பில் கசிந்தது. இரவல் வாங்கிய ரெஞ்சால் ஓங்கித் திருகினேன். துருவேறிய மரை உள்ளேயே முறிந்தது. மொட்டை மாடிக்கு ஓடித் தொட்டியின் வால்வை மூடுவதற்குள் வீடெல்லாம் வெள்ளம். நாங்கள் இருப்பது முதல் மாடி. கீழ் வீட்டில் ஒரு பாட்டியம்மாள் தனியாக இருந்தார்.

அழைத்ததும் வந்த பிளம்பர், முறிந்த குழாயைப் பார்க்கவில்லை. "கீழ் வீட்டிலே மெயினை அணைச்சாச்சா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை! இருவரும் இறங்கி ஓடினோம். பாட்டியம்மாள் சுவரில் வழிந்த நீரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கைக்கு ஒரு சாண் தூரத்தில் சுவிட்சுப் பலகை இருந்தது.

குழாயைத் திருகத் தெரிவது மட்டும் தொழில் அன்று. தண்ணீர் எங்கே போகும் என்று தெரிவதும் தொழில்தான் என்பதை அன்று கண்டேன்.

காந்தியடிகள் பிரிட்டோரியாவில் இருந்தபோது, வெள்ளைக்காரர் ஒருவர் முடி வெட்ட மறுத்துவிட்டார். அடிகள் கத்திரிக் கருவியை விலைக்கு வாங்கித் தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டுவிட்டது. கோர்ட்டில் நண்பர்கள் கேலி செய்து சிரித்தார்கள். ஆனால், அந்தப் பிழையைச் சுமந்தது அவருடைய தலை. பிறர் தலை அல்ல. தாமே செய்துகொள்ளத் துணிந்த அதே மனிதர்தான், 1904-இல் ரயில் பயணத்தில் ரஸ்கினைப் படித்து, வழக்கறிஞரின் உழைப்புக்கும் முடி திருத்துபவரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்று தெளிந்தவர். தன் கையை நம்புவதும் பிறர் கையை மதிப்பதும் அவரிடம் முரண்படவில்லை.

நானோ, கூலி கொடுக்க மனமில்லாத கஞ்சத்தனத்துக்குச் 'சுயமுயற்சி' என்று அழகான பெயர் சூட்டியிருந்தேன். அதன் செலவை ஒரு முதியவளின் உயிர்மேல் எழுதப் பார்த்தேன். எந்த வேலையையும் நாமே செய்யலாமா என்பதற்கு ஒரு கேள்வி போதும்: தவறினால் நட்டம் யாருக்கு? நமக்கு என்றால் தாராளமாகச் செய்து பார்க்கலாம். பிறருக்கு என்றால் நம் சிக்கனம், அவரைக் கேட்காமல் அவரிடம் வாங்கிய கடன்.

பிளம்பர் கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். பாட்டியம்மாளின் சுவருக்கும் வெள்ளையடித்துக் கொடுத்தேன். "தண்ணிதானேப்பா, காஞ்சுடும்" என்று அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாஷரை இன்றும் நானே மாற்றுகிறேன். ஆனால், ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன், கீழே ஒரு வீடு இருக்கிறது என்பதை ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன்.