வாய் மூடிய அறிவு

கொலை செய்தவனுக்குத் தண்டனை உண்டு. களவு செய்தவனுக்குச் சிறை உண்டு. கொலை நடப்பதைக் கண்டும் கதவைச் சாத்திக்கொண்டவனுக்கு? சட்டம் பெரும்பாலும் அவனைத் தேடுவதில்லை. அறமும் தேடாதா? விடை காண விழையும் தோழர்கள், ஜப்பான் நாட்டு மினமாட்டா வளைகுடாவின் கதையை எண்ணிப் பார்க்கட்டும்.

மீன் பிடித்து, மீன் தின்று வாழ்ந்த ஊர்கள் அவை. 1950களில் அங்கே பூனைகள் வெறிகொண்டு சுழன்றாடி மாண்டன. பின்னர் மனிதரைப் பிடித்தது அந்நோய். விரல் மரத்தது, நாக்குக் குழறியது, பார்வை சுருங்கியது, உடல் வெட்டி இழுத்தது. ஊரார் தொற்றுநோயென அஞ்சி நோயாளியின் குடும்பத்தையே ஒதுக்கினர். தீண்டாமை நம் நாட்டுக்கு மட்டும் உரிய சொத்தன்று போலும்!

நஞ்சு வானத்திலிருந்து விழவில்லை. சிஸ்ஸோ என்னும் ஆலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைச் செய்துவந்தது. அதற்கு வினையூக்கி பாதரசம். அதில் ஒரு பகுதி மீத்தைல் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு கடலில் கலந்தது. நீரில் அது சிறிதே. ஆனால் சிற்றுயிரைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் உண்ண உண்ண நஞ்சு செறிந்தது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மீனவன். தாயின் வயிற்றிலுள்ள கருவை இத்தகைய நஞ்சு எட்டாது என அந்நாள் மருத்துவம் நம்பியிருந்தது. எட்டியது. தாய் நடமாடினாள், பிள்ளை ஊனமாய்ப் பிறந்தது.

இனம் தெரியாத நோய் பரவுகிறதென 1956 மே முதல் நாள் அரசுக்குச் சொன்னது யார்? அந்த ஆலையின் மருத்துவமனையே! அதன் தலைவர் ஹோசோகாவா ஹஜிமே. காரணத்தையும் அவரே தேடினார். ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து பூனைக்கு ஊட்டினார். 1959 அக்டோபரில், 400 என எண்ணிடப்பட்ட பூனைக்கு அதே நோய் கண்டது. உண்மை கையில் கிடைத்துவிட்டது! ஆலை நிர்வாகம் என்ன செய்தது? சோதனையை நிறுத்தச் சொன்னது, முடிவைப் பூட்டிவைத்தது. போரின்போது கடலில் கொட்டிய வெடிமருந்தே காரணம் என்றும், அழுகிய மீனே காரணம் என்றும் வெளியே கிளம்பிய பேச்சுகள் அதற்கு வாய்ப்பாயின.

அவ்வாண்டு டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் வந்தது. இறந்தவர்க்கு 3 லட்சம் யென், பெயரோ 'அனுதாபப் பணம்'! ஆலையே காரணமெனப் பின்னாளில் மெய்ப்பிக்கப்பட்டாலும் வேறெதுவும் கேட்கக் கூடாது என்பது அதிலொரு விதி. பூனையின் கதை தெரியாத ஏழை மீனவன் கையொப்பமிட்டான். தெரிந்தவன் இடச் செய்தான். இதற்குப் பெயர் ஒப்பந்தமா? 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

"மருத்துவர் கூலிக்கு உழைத்தவர்தாமே, என் செய்வார்?" எனக் கேட்கலாம். கேள்வி எளிதன்று. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியனாகிய நான் அவரை எளிதில் பழிக்கத் துணியேன். ஆயினும் கூலி வாங்கியது உழைப்புக்கா, உண்மைக்கா? உப்புக்கும் புளிக்கும் விலையுண்டு. பிறர் உணவில் நஞ்சிருக்கிறது என்னும் அறிவை விற்கவும் வாங்கவும் எவருக்கு உரிமை? ஐயம் நமது படைக்கலம். உண்மையைத் தேட ஏந்துகிறோம். பூனையைக் கண்ட பின்னும் நிர்வாகம் ஏந்திய ஐயம், உண்மையைப் புதைக்க எடுத்த மண்வெட்டி.

மௌனத்தின் விலை என்ன? கழிவு ஒன்பதாண்டுகள் தொடர்ந்து ஓடியது. 1965இல் நிகாட்டாவில், இதே முறையைக் கையாண்ட வேறோர் ஆலையருகே, ஆற்றுமீன் உண்டவரிடம் அதே நோய் தோன்றியது. 1968 மே மாதம் சிஸ்ஸோ அத்தயாரிப்பை நிறுத்தியது. மனம் மாறியன்று, முறை பழமையாகிவிட்டது! ஆலைக் கழிவே காரணமென அரசு வாய் திறந்ததோ அதன் பின், செப்டம்பரில்.

ஹோசோகாவா 1970இல் புற்றுநோயால் படுத்திருந்தார். மீனவர் தொடுத்த வழக்குக்காக, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே, 400ஆம் பூனையைப் பற்றிச் சாட்சி சொன்னார். சில மாதங்களில் இறந்தார்.